ஷெங்கனுக்கு ஒரு சனிக்கிழமை

ஷெங்கன் என்ற சொல் நம்மில் பலருக்கும் முதலில் அறிமுகமாவது விசா மையத்து வரிசையில்தான். வங்கிக் கணக்கு அறிக்கை, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு, டோக்கன் எண் எப்போது வரும் என்று திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, அது ஒரு ஊரின் பெயர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஏதோ நாலைந்து நாடுகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த சுருக்கப்பெயர் என்றுதான் என் நண்பர்களில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள்.

ஊர்தான். அதுவும் சின்ன ஊர். லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்கு மூலையில், மோசெல் ஆற்றின் கரையில், சில நூறு பேர் வாழ்கிற திராட்சைத் தோட்டக் கிராமம். பாலத்தைக் கடந்தால் ஜெர்மனியின் பெர்ல். அங்கிருந்து ஆற்றோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பிரான்சின் அபாக். ஊரில் ஒரு கோட்டை இருக்கிறது. அதன் கோபுரத்தை 1871இல் விக்டர் ஹ்யூகோ வந்து வரைந்திருக்கிறார். அப்புறம் ஒரு வரிசை பெட்ரோல் பங்க். லக்சம்பர்க்கில் எரிபொருளுக்கு வரி குறைவு என்பதால் அக்கரைக்காரர்கள் வண்டியோட்டி வந்து டாங்கை நிரப்பிக்கொண்டு, அப்படியே சிகரெட்டும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு போவார்கள். இவ்வளவுதான் ஊர். இந்த ஊரின் பெயரைத்தான் உலகம் முழுக்கப் பல மொழிகளில் கோபத்தோடும் ஏக்கத்தோடும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1985 ஜூன் 14 அன்று இந்தக் கரையில் ‘பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட்’ என்ற பயணக் கப்பலில் ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி. பிரதமரோ அதிபரோ யாரும் வரவில்லை. அரசுச் செயலாளர் மட்டத்தில் இருந்தவர்கள்தான் வந்தார்கள். பிரான்சுக்காகக் கத்தரின் லலுமியேர், லக்சம்பர்க்குக்காக ராபர்ட் கேபல்ஸ் (பெயரைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், இவர் சோஷலிஸ்ட்). அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பத்து நாடுகள் இருந்தன. அதில் பாதி மட்டும் தனியாக வந்து, சமூகத்தின் சட்ட அமைப்புக்கு வெளியே, ஆற்றில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன நிகழ்வு இது.

ஏன் கப்பலில்? மூன்று நாடுகள் சேருமிடம் என்பது ஒரு காரணம். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பகுதியில் மோசெல் ஆற்றின் நடுவே எல்லைக்கோடு கிடையாது. 1816இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆறு முழுவதும் இரு கரைகளுக்கும் பொதுச் சொத்து. இக்கரையிலிருந்து அக்கரை வரை எந்தச் சொட்டுத் தண்ணீரும் ஜெர்மனியுடையது, அதே சமயம் லக்சம்பர்க்குடையது. எல்லைகளை எடுப்பதற்கான காகிதத்தில் கையெழுத்திட, எல்லையே வரையப்படாத ஒரு தண்ணீர்ப் பரப்பு சௌகரியமாகக் கிடைத்துவிட்டது.

இந்த ஒப்பந்தத்தின் பின்னணியில் பெரிய லட்சியவாதத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1984 பிப்ரவரியில் இத்தாலிய எல்லையில் சுங்க ஊழியர்கள் மந்தகதியில் வேலை செய்யத் தொடங்கினார்கள். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் லாரிகள் நாட்கணக்கில் குளிரில் நின்றன. பொறுமையிழந்த லாரி ஓட்டுநர்கள் பிரான்சின் சாலைகளை அடைத்துவிட்டார்கள். அந்தக் கடுப்பின் சூட்டில்தான் ஜெர்மனியின் ஹெல்முட் கோலும் பிரான்சின் மித்தராந்தும் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1984 ஜூலை 13 அன்று அதற்கான ஒப்பந்தம் சார்ப்ரூக்கன் நகரில் கையெழுத்தானது. பெனலக்ஸ் நாடுகள் மூன்றும் தங்களுக்குள் முன்பே சோதனையைக் கைவிட்டிருந்தன. நாங்களும் வருகிறோம் என்று சேர்ந்துகொள்ள, அடுத்த ஆண்டு ஷெங்கன்.

ஒப்பந்தத்தின் முதல் கட்டம் இன்று படித்தால் சிரிப்பு வரும். எல்லையில் காரை நிறுத்த வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும், காவலர் பார்வையாலேயே சோதிப்பார். ‘என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை’ என்று காட்ட விரும்புகிறவர் கண்ணாடியில் குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள பச்சை வட்டம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். நடைமுறைச் சட்டங்களை எழுதிச் சேர்க்க 1990 ஆகிவிட்டது. சோதனைகள் உண்மையில் நின்றது 1995 மார்ச் 26 அன்று, ஏழு நாடுகளுக்கிடையே.

லாரிக்காரர்களுக்காகத் திறந்த இந்தப் பாதையை அடுத்த தலைமுறையில் தங்களுடையதாக்கிக்கொண்டவர்களில் மாணவர்கள் முக்கியமானவர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போய், ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை அரைத்தூக்கத்தில் வகுப்பில் உட்காரும் பழக்கம் இப்போது ஐரோப்பாவில் படிக்க வரும் எல்லோருக்கும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி மாதிரி. சார்ப்ரூக்கனில் நான் சேர்ந்த மூன்றாவது வாரமே, 2025 அக்டோபரில், விடுதிச் சமையலறையில் கேள்வி வந்தது: இந்தச் சனிக்கிழமை எங்கே? பாரிசுக்கு ரயிலில் இரண்டு மணிநேரம்கூட ஆகாது, ஆனால் டிக்கெட் விலை கட்டாது. மாணவர் பயணச்சீட்டிலேயே மெர்சிக் வரை ரயில், அங்கிருந்து பெர்லுக்கு பஸ். பாலத்தைக் கடந்துவிட்டால் லக்சம்பர்க். அங்கே 2020இலிருந்து பொதுப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம். ஷெங்கன் முடிவானது சரித்திர ஆர்வத்தால் இல்லை, பர்ஸால்தான்.

நாங்கள் நான்கு பேர். வலென்சியாவிலிருந்து ஒரு பெண், போஸ்னானிலிருந்து ஒரு பையன், அங்காராவிலிருந்து ஒரு பெண், நான். அங்காராப் பெண் மட்டும் வியாழன் ராத்திரி வரை வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அவளுடைய வதிவிட அட்டை இன்னும் வந்திருக்கவில்லை. கையில் இருந்தது கடவுச்சீட்டில் ஒட்டிய தேசிய விசா மட்டும். அதை வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டலாமா கூடாதா? இந்தக் கேள்வி நம்மூரிலிருந்து வருகிற எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. ஐரோப்பியச் சகபாடிகளுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. போலந்துப் பையன், “ஆறுதானே, நடந்தே போயிடலாம்” என்றான்.

போகலாம் என்பதுதான் பதில். ஆனால் அந்தப் பதிலுக்கு ஒரு தேதி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சார்ப்ரூக்கனைப் பற்றி முதலில் கொஞ்சம். எல்லை நகர்ந்துகொண்டே இருந்த ஊர் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சார் பகுதியைப் பிரான்ஸ் தனியாகப் பிரித்துத் தன் பாதுகாப்பில் வைத்துக்கொண்டது. 1947 முதல் தனி அரசியல் சாசனம், தனித் தபால்தலை, செலாவணி பிரெஞ்சு ஃபிராங்க். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் சார் தனி அணியாக அணிவகுத்தது. உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகவே ஆடித் தோற்றது; அந்த மேற்கு ஜெர்மனிதான் 1954இல் கோப்பையை வென்றது. சார் அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன். இருபது ஆண்டு கழித்து, 1974இல், அவர் மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளராக அதே கோப்பையை வென்றார்.

எங்கள் பல்கலைக்கழகமே அந்த இடைக்காலத்தின் பிள்ளை. 1948இல் பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தின் துணையோடு இரண்டு மொழிகளில் தொடங்கப்பட்டது. 1955 அக்டோபரில் வாக்கெடுப்பு வந்தபோது, ‘ஐரோப்பியப் பிரதேசம்’ என்ற தனித் தகுதியை மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள். 1957இன் முதல் நாளில் சார் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. ஃபிராங்க் போய் மார்க் வந்தது 1959இல்தான். அதுவரை இங்கிருந்து பக்கத்து ஜெர்மன் ஊரான ட்ரியருக்குச் சாமான் கொண்டுபோகச் சுங்கச் சாவடியைத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் இருபது வயதில் இருந்த ஒருவர், வீட்டை மாற்றாமலேயே எல்லையின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது இரண்டு முறை மாறியதைப் பார்த்திருப்பார்.

அதே காலத்தில், இங்கிருந்து கிழக்கே, பிரெஞ்சு ஊரான விசம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சம்பவம். 1950 ஆகஸ்டில் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 300 மாணவர்கள் சாங்க்ட் கெர்மன்ஸ்ஹோஃப் என்ற எல்லைச் சாவடிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் வந்தார்கள். தடுப்புக் கம்பத்தைப் பிடுங்கி, எல்லைப் பலகைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஐந்து ஆண்டு முன்புவரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பிள்ளைகள். சுங்க அலுவலர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாணவர்கள் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள், கம்பம் திரும்ப நடப்பட்டது. இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் அது அங்கேயே இருக்கப்போகிறது என்று அன்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா? எல்லையை எதிர்த்து மாணவர்கள் சேர்ந்து போன வார இறுதிப் பயணங்களில் எனக்குத் தெரிந்து மிக அழகானது இது. பலன் பூஜ்யம். பிற்பாடு லாரிகள் செய்ததை மாணவர்களால் செய்ய முடியவில்லை.

மாணவர்கள் விஷயத்தில் பலன் தந்தது ஒரு கவுண்டரில் நடந்த அவமானம். சோஃபியா கொராடி என்ற இத்தாலியச் சட்ட மாணவி 1957இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைப் பட்டத்தோடு ரோமுக்குத் திரும்பினார். அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது, பல்கலைக்கழக அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் விரட்டாத குறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததற்கெல்லாம் மதிப்பெண்ணா என்கிற தோரணை. கல்வியாளராகிப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் துறைத்தலைவர்களையும் அமைச்சர்களையும் துரத்தினார். 1987 ஜூனில் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 பேர். அரசுகள் சும்மா கொடுத்துவிடவில்லை. பணம் யார் தருவது, கல்வியில் தலையிட பிரஸ்ஸல்ஸுக்கு அதிகாரம் உண்டா என்று பெரிய நாடுகள் இழுத்தடித்தன.

எராஸ்மஸ் ஒருவருக்கு இன்னொரு நாட்டில் ஓர் அரையாண்டைத் தந்தது. ஷெங்கன் அந்த அரையாண்டுக்குள் சனிக்கிழமைகளைத் தந்தது. இரண்டும் வேறுவேறு அலுவலகங்களில், வேறுவேறு காரணங்களுக்காகப் பிறந்தவை. விடுதிச் சமையலறையில்தான் அவை ஒன்றாகச் சேர்கின்றன.

பெர்லில் பஸ் எங்களை இறக்கிவிட்டது. முதலில் அபாக் வரை நடந்து பிரான்சுக்குள் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தோம், மூன்று நாடு கணக்கைக் காட்டுவதற்காக. அறுவடை முடிந்திருந்தது. திராட்சைத் தோட்டங்கள் மஞ்சளாக இருந்தன. இந்தப் பருவத்தில் பாதி நொதித்த புது ஒயினை விற்பார்கள். உள்ளே இன்னும் பொங்கிக்கொண்டிருப்பதால் பாட்டிலை இறுக்கி மூட மாட்டார்கள், பையில் படுக்க வைத்தால் போச்சு. இனிப்பும் புளிப்புமாக, கலங்கலாக, காலைப் பதநீருக்கும் மாலைக் கள்ளுக்கும் நடுவில் ஒரு ருசி. வலென்சியாப் பெண் பாட்டிலைக் குழந்தையைப் போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தாள்.

பாலத்தில் நடக்கும்போதுதான் எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இந்த நடை எங்களில் யாருக்கு எப்போது சாத்தியமானது? வலென்சியாக்காரிக்கு 1995 மார்ச் 26. அவள் பிறப்பதற்கு முன்பே. போலந்துப் பையனுக்கு 2007 டிசம்பர் 21. அப்போது அவனுக்கு மூன்று வயது. அதற்கு முன் ஓடர் ஆற்றுப் பாலத்தில் கார்கள் மணிக்கணக்கில் நின்றதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். துருக்கிக்காரிக்கும் எனக்கும்? எங்கள் நாடுகள் ஷெங்கனில் இல்லை. எங்களுக்கென்று ஒரு தேதி இருக்கும் என்று மற்ற இருவரும் நினைக்கவே இல்லை.

இருக்கிறது. 2010 ஏப்ரல் 5. அதற்கு முன்னால், ஷெங்கன் நாடு ஒன்றில் படிக்கத் தேசிய விசா வாங்கி வந்த ஒருவர், வதிவிட அட்டை கைக்கு வரும்வரை அந்த நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வழியில் இன்னொரு ஷெங்கன் நாட்டைக் கடந்து வரலாம். வந்து சேர்ந்தபின் வார இறுதிக்குப் பக்கத்து நாட்டுக்குப் போக அந்த விசா செல்லாது. அட்டை வர மாதங்கள் ஆகும். சில நாடுகள் அட்டையே தராமல், விசாவையே ஆண்டு முழுவதற்கும் கொடுத்துவிடும். இரண்டையும் கலந்த ஒரு விசா வகை காகிதத்தில் இருந்தது, தூதரகங்கள் அதை அதிகம் கொடுக்கவில்லை. விளைவு என்னவென்றால், சுற்றுலாவுக்குப் பத்து நாள் வந்தவர் எல்லா நாடுகளையும் சுற்றலாம், இரண்டு ஆண்டு படிக்க வந்தவர் ஆற்றைத் தாண்டக்கூடாது. இந்தக் கோமாளித்தனம் பதினைந்து ஆண்டுகள் நடந்தது. மாணவர்களும் ஆய்வாளர்களும் படும் பாட்டைக் காரணம் காட்டித்தான் 2010இல் விதியைத் திருத்தினார்கள். இப்போது எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற நாடுகளுக்குப் போய்வரலாம். ஸ்டாம்ப் கிடையாது. எண்ணிக்கையை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

துருக்கி 2004 முதல் எராஸ்மஸில் இருக்கிறது. அந்த நாட்டு மாணவர் ஐரோப்பிய உதவித்தொகையில் படிக்கலாம். ஆனால் உள்ளே வர விசா வேண்டும். 1980க்கு முன் துருக்கியருக்கு மேற்கு ஜெர்மனி வர விசா தேவைப்பட்டதில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும்கூட. அந்த ஒரே ஆண்டில், அடைக்கலம் கேட்டு வருவோர் கூடிவிட்டார்கள் என்று, இந்த நாடுகளுக்கெல்லாம் வரிசையாக விசாவைக் கொண்டுவந்தார்கள். ஷெங்கன் ஒப்பந்தம் அதற்கு ஐந்து ஆண்டு பின்னால் வருகிறது. உள்ளே வேலியைப் பிடுங்க வேண்டுமென்றால் வெளிவேலியை எல்லோரும் சேர்ந்து உயர்த்த வேண்டும் என்பது அதில் ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. பச்சை வட்டத்தைப் பற்றிப் பேசுகிற அதே காகிதத்தில் விசாக் கொள்கையை ஒன்றாக்குவது பற்றியும் இருக்கிறது.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் ஃபிரெட்ரிக் பார்பரோசா, பொலோனா போன்ற ஊர்களில் படிக்கப் போகும் மாணவர்களுக்காகப் பிறப்பித்தது. அந்தக் காலத்தில் ஓர் ஊர்க்காரன் கடனைத் திருப்பவில்லையென்றால், அதே ஊரிலிருந்து வந்த வேறு எவனையாவது பிடித்து வசூலிப்பார்கள். மாணவர்களிடம் அப்படிச் செய்யக்கூடாது என்றது அந்தச் சட்டம். தன் நாட்டார் வைத்த பாக்கிக்காக ஒரு மாணவனை மறிக்கக்கூடாது. விசா விண்ணப்பத்தில் ‘படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவதற்கான சான்று’ என்ற பகுதியை நிரப்பியவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு பெருமூச்சு வரும்.

ஷெங்கனில் பார்க்க அதிகமில்லை. நட்சத்திரங்கள் பதித்த மூன்று உலோகத் தூண்கள், 2010இல் திறந்த ஒரு சிறிய அருங்காட்சியகம். விற்றுவிட்டிருந்த அந்தக் கப்பலை லக்சம்பர்க் அரசு திரும்ப வாங்கிப் புதுப்பித்து, நாற்பதாம் ஆண்டு நிறைவுக்குக் கரையில் கொண்டுவந்து கட்டியிருக்கிறது. கொண்டாடுகிற மனநிலை யாருக்கு இருந்தது என்று தெரியவில்லை. 2020 வசந்தத்தில் கொரோனாவைக் காரணம் காட்டி ஜெர்மனி எல்லையை மூடியபோது இந்த ஊரில் ஐரோப்பியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. லக்சம்பர்க் எதிர்ப்புத் தெரிவித்துப் பார்த்தது.

சாயங்காலம் பாலத்தின் ஜெர்மனிப் பக்கம் ஒரு வேன் நின்றிருந்தது. சீருடையில் இருவர். வலென்சியாப் பெண்ணும் போலந்துப் பையனும் பர்ஸிலிருந்து அடையாள அட்டையைப் பாதி இழுக்கும்போதே போதும் என்று தலையசைத்தார்கள். எங்கள் இரண்டு பேரின் கடவுச்சீட்டும் வேனுக்குள் போயிற்று. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆறேழு நிமிடம். அங்காராக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அலைபேசியில் அந்த 2010 விதியின் பக்கத்தைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். கேட்கவில்லை. கடவுச்சீட்டு திரும்பி வந்தபோது நால்வரும் ஒன்றாகவே நடந்தோம், ஆனால் பேச்சு பழையபடி வர மெர்சிக் ஆகிவிட்டது.

ஷெங்கனில் பெர்லின் சுவரின் துண்டுகளை நட்டு வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதன் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1985 ஜூன் என்ற தேதியையும் பெர்லினையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற தமிழருக்கு அங்கே வேறொரு கதை ஞாபகம் வரும், அருங்காட்சியகப் பலகைகளில் அது என் கண்ணில் படவில்லை.

1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்களுக்கு ஐரோப்பாவில் திறந்திருந்த விசித்திரமான வாசல் கிழக்கு பெர்லின். மாஸ்கோ வழியாக ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி கடப்பு விசா கொடுத்துவிடும். அதற்கு வேண்டியது டிக்கெட் விற்ற டாலர். அங்கிருந்து ஃபிரெட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம், உள்ளூர் ரயில், சில நிமிடத்தில் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில் யாரும் கடவுச்சீட்டைப் பார்க்க மாட்டார்கள். ஏனென்றால் பெர்லினைப் பிரிக்கும் கோட்டை ஓர் எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சோதனைச் சாவடி போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். சொந்த மக்களைச் சுட்டுத் தடுத்த அதே சுவரின் கீழ், தமிழர்கள் ரயில் டிக்கெட் வாங்கிக் கடந்தார்கள்.

1985 ஜூலையில் அது மூடப்பட்டது. இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வணிகத்தில் வட்டியில்லாக் கடனின் உச்சவரம்பை 600 மில்லியனிலிருந்து 850 மில்லியன் கணக்கு அலகுகளாக உயர்த்த மேற்கு ஒப்புக்கொண்டது. அதே சமயத்தில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழர்களுக்கு இனிக் கடப்பு விசா கிடையாது என்று கிழக்கு அறிவித்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு அப்போதே பேசப்பட்டதுதான். மற்ற நாட்டவருக்கு இதே கதவு 1986 அக்டோபரில் சாத்தப்பட்டது. மோசெல் ஆற்றில் கையெழுத்தாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

சார்ப்ரூக்கனில் நாங்கள் கறிவேப்பிலை வாங்கப் போகும் கடையை நடத்துபவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். ஷெங்கன் போய்வந்த கதையைச் சொன்னபோது கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டே கேட்டார்.

“நான் வந்தது எண்பத்தைஞ்சு மே மாசம், தம்பி. மொஸ்கோ, பிறகு கிழக்கு பெர்லின். ரயிலில ஏறி இறங்கினா மற்றப் பக்கம். ஒருத்தரும் மறிக்கேல்லை. ரெண்டு மாசம் பிந்தியிருந்தா நான் இல்லை” என்றார்.

பிறகு மறித்தார்கள். அடைக்கலம் கேட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்று மேற்கு ஜெர்மனியில் 1982இலேயே சட்டம் வந்திருந்தது. அவரை அனுப்பியது ரூர் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரம். வழக்கு முடிகிற வரை, நாலரை ஆண்டு, வார இறுதி என்றால் அந்த மாவட்டத்தின் கடைசி பஸ் நிறுத்தம்வரைதான். “அக்காட கலியாணம் பாரிசில நடந்தது. எண்பத்தெட்டில. கடுதாசி கேட்டு எழுதிப் போட்டன். தரேல்லை. கசெட்டில படம் பிடிச்சு அனுப்பினவ.” லா ஷப்பலுக்கு அவர் முதன்முதலில் போனபோது அக்காவின் மூத்த பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

இப்போது அவரிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. ஷெங்கனுக்குப் போனதுண்டா என்று கேட்டேன்.

“ஷெங்கனோ? மாசம் ஒருக்காப் போறனான். மெர்சிக்கில மகள் இருக்கிறா. அவளிட்டப் போகேக்க அப்பிடியே போய்ப் பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறது. அங்க மலிவு.”

“பாலத்துல உங்களை நிறுத்தலையா அண்ணை?”

“போன மாசம் மறிச்சவங்கள். பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, எங்கயிருந்து வாறீங்கள் எண்டு கேட்டாங்கள்.” எண்ணிய சில்லறையை இழுப்பறைக்குள் போட்டார். “பெற்றோல் செட்டில இருந்து எண்டன்.”